நடுவில் நிற்கும் நீரிழிவு: ஆன்டிபாடி அளவும் இன்சுலின் தடையும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹரால்ட் ஹிம்ஸ்வர்த், 1936இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். நீரிழிவு நோயாளியைக் குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து, அதே நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டுப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. ஊசி மருந்து வேலையைக் கச்சிதமாகச் செய்தது. வேறு சிலருக்கோ ஊசி போட்டதற்கான அடையாளமே தெரியாமல் சர்க்கரை ஏறியது. முன்னவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், மெலிந்தவர்கள். பின்னவர்கள் வயதானவர்கள், பருத்தவர்கள். ஒருவருக்கு இன்சுலின் இல்லை, இன்னொருவருக்கு இருந்தும் பலனில்லை. இன்று டைப் 1, டைப் 2 என்று சீட்டில் எழுதித் தருகிறார்களே, அந்தப் பிரிவினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு பெட்டிகள் இருந்தால் இரண்டிலும் அடங்காதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். நாற்பது வயதில் சர்க்கரை வருகிறது, மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, டைப் 2 என்று எழுதப்படுகிறது. ஓரிரு ஆண்டுகளில், சில சமயம் சில மாதங்களிலேயே, மாத்திரை கைவிட்டுவிடுகிறது. நோயாளி பத்தியம் காக்கவில்லை என்று மருத்துவர் நினைக்கிறார். வீட்டார் அப்படியே சொல்லவும் செய்கிறார்கள். அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் மீது சுமத்தப்பட்ட பழி அநியாயமானது என்று தெரியவர 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1974இல் ஜியான் ஃபிராங்கோ பொட்டாசோ, டெபோரா டோனியாக் ஆகியோரின் லண்டன் குழு, நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திட்டுகளைத் தாக்கும் ஆன்டிபாடிகளைக் கண்டது. உடல் தன் சொந்த உறுப்பையே அயலான் என்று நினைத்து அழிக்கும் கோளாறு அது. பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ் 1965லேயே, நோய் கண்டு விரைவில் இறந்த இளம் நோயாளிகளின் கணையத் திட்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதைப் பார்த்திருந்தார். இது குழந்தைகள், இளையோர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1977இல் எடின்பரோவில் இர்வைன் குழு, மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடமும் இந்த ஆன்டிபாடி இருப்பதையும், அவர்களுக்கே மாத்திரை சீக்கிரம் தோற்பதையும் காட்டியது. 1986இல் லெய்ஃப் குரூப், பொட்டாசோ, டோனியாக் மூவரும் 35 முதல் 75 வயதுக்குள் நோய் கண்டவர்களிடம் இதே நிலையை விவரித்து, ‘மறைந்திருக்கும் டைப் 1’ என்றார்கள். 1993இல் டீனாமாயா தூமி, பால் சிம்மெட் முதலானோர் ஜிஏடி என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொண்டு இவர்களை அடையாளம் காட்டினர். அங்கிருந்து லாடா என்ற சுருக்கப்பெயர் பிறந்தது: பெரியவர்களிடம் மறைந்து வளரும் தன்னுடல் தாக்கு நீரிழிவு.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபாடிக்கு எதிர்ப்பொருள், பிறபொருளெதிரி என்றெல்லாம் தமிழ்ச் சொற்கள் உண்டு. இன்சுலின் சொல்வதை உடல் கேளாத நிலையை இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்தால் எது எதை எதிர்க்கிறது என்று வாசகர் திணறுவார். அதனால் முன்னதை ஆன்டிபாடி என்றும் பின்னதை இன்சுலின் தடை என்றும் எழுதுகிறேன்.

லாடா என்று சொல்ல, நோயெதிர்ப்பு ஆய்வாளர்களின் சங்கம் மூன்று நிபந்தனைகளை வைத்தது. வயது முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். கணையத் திட்டுக்கு எதிரான ஆன்டிபாடி ஒன்றாவது இருக்க வேண்டும். நோய் கண்டு ஆறு மாதமாவது இன்சுலின் ஊசி தேவைப்படாமல் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை விசித்திரமானது. ஊசி எப்போது தொடங்குவது என்பது நோயின் குணம் மட்டுமில்லை, மருத்துவரின் குணமும்தான். பொறுமையான மருத்துவரிடம் போனவர் லாடா, அவசரக்காரரிடம் போனவர் டைப் 1 என்று ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வகைப்பாட்டில் லாடா என்ற பெயரையே விட்டு, ‘மெதுவாக வளரும் நோயெதிர்ப்பு வழி நீரிழிவு’ என்று கலப்பு வகைகளுக்குள் வைத்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இதை டைப் 1க்குள்ளேயே சேர்க்கிறது. பெயரில் உடன்பாடு இல்லை என்றால் பொருளிலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஐரோப்பாவில் இது அரிய நோயில்லை. ஆக்‌ஷன் லாடா ஆய்வு 2013இல் வெளியிட்ட கணக்கில், வயது வந்தபின் நீரிழிவு கண்ட 6156 பேரில் 9.7 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது ஜிஏடி ஆன்டிபாடி. சீனாவில் அதே ஆண்டு வெளிவந்த ஆய்வில் 4880 பேரில் 5.9 சதவீதம்.

பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1997இல் தந்த எண்கள்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம். புதிதாக டைப் 2 என்று கருதப்பட்ட 3672 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 25 முதல் 34 வயதினரில் 34 சதவீதம் பேருக்கு ஜிஏடி ஆன்டிபாடி. 55 முதல் 65 வயதினரில் 7 சதவீதம். இளைய பிரிவில் அந்த ஆன்டிபாடி இருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு ஆண்டுக்குள் ஊசி தேவைப்பட்டது. எந்த ஆன்டிபாடியும் இல்லாதவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே. மூத்த பிரிவில் அந்தக் கணக்கு 34க்கு 5. அதாவது, ஒரே ஆன்டிபாடி இளையவரிடம் ஏறக்குறைய தீர்ப்பு. மூத்தவரிடம் ஒரு சந்தேகம்.

ஆன்டிபாடி உண்டா இல்லையா என்ற கேள்வி போதாது, எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. இத்தாலியில் ரஃபேல்லா புஸ்ஸெட்டி குழு டைப் 2 என்று பதிவான 4250 பேரைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டது. 4.5 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. அவர்களின் ஜிஏடி அளவை வரைபடமாகப் போட்டால் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடுகள் எழுந்தன: குறைந்த அளவில் ஒன்று, அதிக அளவில் ஒன்று. அதிக அளவுக்காரர்கள் இளையவர்கள், ஒல்லியானவர்கள், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியும் கூடவே உள்ளவர்கள். குறைந்த அளவுக்காரர்கள் சாதாரண டைப் 2 நோயாளிகளைப் போலவே தொப்பையும் ரத்த அழுத்தமும் கொழுப்புக் கோளாறுமாக இருந்தார்கள்.

இப்படி ஒரு விதி உருவானது. ஆன்டிபாடி ஏற ஏற இன்சுலின் தடை குறைகிறது. ஆன்டிபாடி இறங்க இறங்கத் தடை கூடுகிறது. டைப் 1இலிருந்து டைப் 2 வரை ஒரே சரிவுப்பாதை, அதன் நடுவில் லாடா. அழகான படம்தான். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எண்கள் சரியாகவே இருக்கலாம். அந்த எண்களுக்குப் பின்னால் வேறு கதைகள் இருக்க இடமுண்டு.

முதலில் தடையை எப்படி அளக்கிறோம் என்று பார்ப்போம். துல்லியமான முறை, 1979இல் டிஃப்ரான்ஸோ குழு விவரித்த கிளாம்ப் சோதனை. கையில் இரண்டு ஊசிகளைப் பொருத்தி, இன்சுலினையும் குளுக்கோஸையும் மணிக்கணக்கில் செலுத்திப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேருக்கு அதைச் செய்ய முடியாது. அதனால் பெரும்பாலான ஆய்வுகள் 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் மேத்யூஸ் முதலானோர் வகுத்த ஹோமா சூத்திரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வெறும் வயிற்று இன்சுலினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் விடை. இன்சுலின் 10, சர்க்கரை 162 என்றால் தடை 4. சரி, இப்போது அதே மனிதரின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, சர்க்கரையை மாத்திரை 162இலேயே பிடித்து வைத்திருக்க, இன்சுலின் 4 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் 1.6 என்கிறது. அவருடைய தசையும் ஈரலும் மாறவேயில்லை, கணையம்தான் நலிந்தது. ஆனால் காகிதத்தில் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆன்டிபாடி அதிகம் உள்ளவர்களின் பீட்டா செல்கள்தான் வேகமாக அழிகின்றன. அவர்களிடம் தடை குறைவாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தச் சூத்திரத்தின் வேலை. ஊசி போடுகிறவர்களிடமோ, போட்ட இன்சுலினும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் இந்த ஹோமா எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எடை இன்னொரு சிக்கல். நோய் தொடங்கி அதிகக் காலம் ஆகாத லாடா நோயாளிகளையும் டைப் 2 நோயாளிகளையும் எடைக்கு ஈடுசெய்து ஒப்பிட்ட ஆக்‌ஷன் லாடா ஆய்வு, 2014இல் இரு சாராரின் இன்சுலின் சுரப்பும் உடலின் கேட்புத்திறனும் ஏறக்குறைய ஒன்றே என்றது. தடை குறைவு என்று தெரிந்ததில் பெரும்பகுதி எடை குறைவுதான் என்று அதை வாசிக்கலாம். ஆன்டிபாடிக்கும் தடைக்கும் நேரடி உறவு உண்டா என்ற கேள்வி இன்னும் மங்கிவிடுகிறது.

மூன்றாவது சந்தேகம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எந்த ஆன்டிபாடிச் சோதனையும் ஓர் எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டே ‘உண்டு’, ‘இல்லை’ என்கிறது. வழக்கமாக, நோயற்றவர்கள் நூறு பேரில் ஒருவர் தாண்டும் இடத்தில் அந்தக் கோடு போடப்படும். டைப் 2 போலத் தெரியும் ஆயிரம் பேரில் உண்மையான தன்னுடல் தாக்கு நோயாளிகள் 20 பேர் என்றும், சோதனை அவர்களில் 16 பேரைப் பிடிக்கிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மீதி 980 பேரில் பத்துப் பேர் தப்பாக ‘உண்டு’ ஆவார்கள். மொத்தம் 26 ‘லாடா’க்காரர்களில் பத்துப் பேர் வெறும் டைப் 2. ஆய்வகம் கோட்டைக் கொஞ்சம் தாராளமாக, நூற்றுக்கு இரண்டரை என்று போட்டால், பொய்யான ‘உண்டு’ 24க்கு மேல் போய் உண்மையை விஞ்சிவிடும். பொய்யானவை எங்கே குவியும்? கோட்டுக்குச் சற்று மேலே, குறைந்த அளவில். அவர்கள் எப்படி இருப்பார்கள்? டைப் 2 மாதிரி, தடையோடு. எக்ஸெட்டரின் ஆங்கஸ் ஜோன்ஸும் உடனாய்வாளர்களும் 2021இல் வைத்த வாதம் இதுதான்: லாடா தனி நோயாக இல்லாமல், இரு வேறு நோயாளிகளின் கலவையாகவே இருக்கக்கூடும்.

பள்ளி ஆண்டு விழாவில் ஆறு வயதுக் குழந்தைகளும் அறுபத்து நான்கு வயதுத் தாத்தாக்களும் சரிபாதியாக உட்கார்ந்திருந்தால் சராசரி வயது 35. கூட்டத்தில் 35 வயதுக்காரர் ஒருவரும் இல்லை. லாடாவின் ‘நடுத்தரமான’ இன்சுலின் தடையில் எத்தனை பங்கு இந்த மாதிரியானது என்று கேட்காமல் அதன் உயிரியலைப் பேசுவது வீண். இத்தாலியர் கண்ட இரண்டு மேடுகள் இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கின்றன.

ஆனால் எல்லாமே கலவை என்று சொல்லிவிடவும் முடியாது. யுகேபிடிஎஸ்ஸின் மூத்த பிரிவில் 34க்கு 5 என்ற வித்தியாசத்தைப் பொய்யான ‘உண்டு’களால் மட்டும் விளக்க இயலாது. ஸ்வீடன், நார்வே தரவுகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, உடல் பருமன் லாடா வரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்றது. ஆன்டிபாடி குறைந்தவர்களிடம் அந்த உறவு பலமாக இருந்தது. அதிகம் உள்ளவர்களிடமும் இல்லாமல் போகவில்லை.

இதை நான் ஒரு குடும்பக் கணக்காகப் புரிந்துகொள்கிறேன். இன்சுலின் சுரப்பு வருமானம், தடை செலவு. அடகுக் கடைக்குப் போவதுதான் நீரிழிவு. வேலை பறிபோனவர், செலவைச் சுருக்கினாலும் கடைக்குப் போயே ஆக வேண்டும். சம்பளத்தில் கொஞ்சம் மட்டும் குறைந்தவர், சிக்கனமானவராக இருந்தால் சமாளித்துவிடுவார். ஊதாரியாக இருந்தால் அவரும் வரிசையில் நிற்பார். கடை வாசலில் நிற்பவர்களை மட்டும் விசாரித்தால், ‘வருமானம் அதிகம் இழந்தவர்கள் சிக்கனக்காரர்கள், கொஞ்சம் இழந்தவர்கள் ஊதாரிகள்’ என்று ஒரு விதி கிடைக்கும். ஊர் முழுவதையும் விசாரித்திருந்தால் அப்படி எந்த உறவும் இருந்திருக்காது. நம் ஆய்வுகள் எல்லாம் கடை வாசலில் எடுக்கப்பட்டவை; நோய் வந்தவர்களைத்தானே சோதிக்கிறோம். மருத்துவமனைத் தரவின் இந்தப் பொறியை ஜோசஃப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1946லேயே விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் ஒரு நோய் பித்தப்பை அழற்சி. மற்றொன்று நீரிழிவு!

இதற்கு நேர் எதிரான கோணமும் உண்டு. பிரிட்டனின் டெரென்ஸ் வில்கின் 2001இல் முன்வைத்த ‘முடுக்கிக் கருதுகோள்’, தடையே பீட்டா செல்களை ஓயாமல் உழைக்க வைத்து, நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படச் செய்கிறது என்றது. அது சரியென்றால் தடை கூடியவர்களிடம் ஆன்டிபாடியும் கூடியிருக்க வேண்டும். லாடா நோயாளிகளிடம் நாம் காண்பது அதற்கு மாறானது. ஆனாலும் அடகுக் கடைக் கணக்கின்படி, அந்த உறவு உண்மையாகவே இருந்தாலும் வாசலில் அது மறைந்துபோகக்கூடும். எனவே கருதுகோள் தோற்றது என்று சொல்ல இந்தத் தரவு போதாது.

ஆன்டிபாடியின் அளவு எதைச் சொல்கிறது என்பதிலும் ஒரு மயக்கம் நிலவுகிறது. அளவு அதிகம் என்றால் அழிவு அதிகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பீட்டா செல்களைக் கொல்வது முக்கியமாக டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். ஆன்டிபாடி, தீ எரிகிறது என்று காட்டும் புகை. பி செல்களே இல்லாத, அதனால் ஆன்டிபாடி உண்டாக்க முடியாத ஒரு சிறுவனுக்கு டைப் 1 வந்த செய்தி 2001இல் பதிவானது. மறுபுறம், ஜிஏடி புரதம் மூளையிலும் இருக்கிறது. அங்கே அது நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கிறது. தசைகள் மரக்கட்டையாக விறைக்கும் ‘ஸ்டிஃப் பெர்சன்’ நோயில், டைப் 1 நோயாளிகளிடம் காணும் அளவைப்போலப் பல மடங்கு ஜிஏடி ஆன்டிபாடி இருக்கும். அவர்களில் பலருக்கு நீரிழிவே இருப்பதில்லை. ஆக, அளவு என்பது ‘இந்தச் சோதனை உண்மையைச் சொல்கிறது’ என்பதற்கான உறுதியாகவே பெரிதும் பயன்படுகிறது; சேதத்தின் கணக்கு அதில் இல்லை.

சேதத்தை அறிய சி-பெப்டைடு வேண்டும். கணையம் இன்சுலினை உருவாக்கும்போது சரிக்குச் சரியாக வெளியேறும் துண்டு அது. ஊசி இன்சுலினில் கிடையாது. புஸ்ஸெட்டி உள்ளிட்ட பன்னாட்டு நிபுணர் குழு 2020இல் தந்த வழிகாட்டல் இதை நம்பியே அமைந்தது. லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழே என்றால் டைப் 1 போலவே பலவேளை இன்சுலின் சிகிச்சை, 0.7க்கு மேல் என்றால் டைப் 2 போல மாத்திரைகள், ஆனால் அடிக்கடி மறுபரிசோதனை; இடையில் இருப்பது சாம்பல் நிலம். அங்கே, கணையத்தை உந்தி இன்சுலின் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஜப்பானின் டோக்கியோ ஆய்வு 2008இல், மெதுவாக வளரும் இந்த வகை நோயாளிகளுக்கு அந்த மாத்திரைக்குப் பதில் ஆரம்பத்திலேயே சிறிய அளவில் இன்சுலின் கொடுத்தபோது பீட்டா செல்கள் மேலும் தாக்குப்பிடித்ததைக் காட்டியிருந்தது. பலன் முக்கியமாகக் கிடைத்தது ஜிஏடி அளவு அதிகம் இருந்தவர்களுக்கு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் இன்சுலின் வற்றியவர்களிடம் ரத்தத்தில் கீட்டோ அமிலம் தேங்கும் ஆபத்தை உண்டாக்கும். சர்க்கரை அதிகம் ஏறாமலேயே அது நேரலாம் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும்.

வகையைத் தவறாக எழுதுவதன் விலை உடனே தெரியாது. யுகேபிடிஎஸ் தரவை மீண்டும் ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரையில், லாடா நோயாளிகளுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகள் முதல் ஒன்பது ஆண்டுகளில் டைப் 2 நோயாளிகளைவிடக் குறைவு, அதன்பின் அதிகம். சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம் பக்கம் வருவோம். மெல்பர்னில் ஃபோர்லானோஸ் குழு 2006இல் ஐந்து அடையாளங்கள் கொண்ட ஒரு சல்லடை தந்தது: நோய் கண்ட வயது ஐம்பதுக்குக் கீழ், திடீர் அறிகுறிகள், உடல் பருமன் குறியீடு 25க்குக் கீழ், தனக்கு வேறு தன்னுடல் தாக்கு நோய், குடும்பத்தில் அத்தகைய நோய். இரண்டு பொருந்தினால் ஆன்டிபாடி பார்க்கச் சொல்லலாம். அங்கே அது நன்றாக வேலை செய்தது. சென்னையில்? ஐம்பதுக்கு முன்னே, குறியீடு 25ஐத் தொடாமலே சர்க்கரை வருவது இங்கே அன்றாடக் காட்சி. ஓபியில் பாதிப்பேர் அந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்வார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நீரிழிவு மையக் குழு ஒன்றின் 19,084 டைப் 2 நோயாளிகளை வகைப்படுத்தி 2020இல் வந்த ஆய்வில், 26.2 சதவீதம் பேர் இன்சுலின் கடுமையாகக் குறைந்த வகையில் விழுந்தார்கள். மெலிந்த உடலும் குறைந்த இன்சுலினும் இருந்தால் அது தன்னுடல் தாக்கு நோயாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய உள்ளுணர்வு இங்கே தடுமாறும். ஒல்லியான தமிழருக்குள்ளும் வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் தடையும் ஒளிந்திருக்கும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள். அத்தனை பேருக்கும் ஜிஏடி பார்ப்பது பணவிரயம் மட்டுமில்லை. மேலே போட்ட கணக்கின்படி பொய்யான ‘உண்டு’களை மூட்டைமூட்டையாக உற்பத்தி செய்யும் வழியும்கூட.

யாருக்குப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முப்பதைத் தாண்டிச் சர்க்கரை கண்டு, உணவும் மருந்தும் ஒழுங்காக இருந்தும் சில ஆண்டுகளுக்குள் மாத்திரைகள் தோற்று, காரணமில்லாமல் எடை குறைந்து, வீட்டில் தைராய்டு, வெண்புள்ளி போன்ற கோளாறுகளும் இருந்தால் மருத்துவரிடம் ஜிஏடி, சி-பெப்டைடு இரண்டையும் பற்றிக் கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். எண் எவ்வளவு, அந்த ஆய்வகம் எல்லைக்கோட்டை எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். எண் கோட்டை ஒட்டி இருந்தால், ஊசிக்கு மாறும் முன் இன்னொரு முறை, முடிந்தால் வேறொரு முறையில், சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.